மொட்டை, காதுகுத்து, கொடைக்கானல்: மூன்றையும் ஒரே நாளில் அடைக்காதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு 13 மாதம், எடை 10 கிலோ. அடுத்த மாதம் இரவு ரயிலில் பழனி போய், காலையில் மொட்டையும் காதுகுத்தும் முடித்துவிட்டு, மதியமே காரில் கொடைக்கானல் ஏறி இரண்டு இரவு தங்குவதாகத் திட்டம். அவன் இன்னும் தனியாக நடக்கவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறான். நாத்தனார் மகள் 11 மாதத்திலேயே நடந்துவிட்டாள். வாக்கர் வாங்கச் சொல்கிறார் மாமியார். மொட்டைத் தலைக்கு மலைக் குளிர் ஒத்துக்கொள்ளுமா? வளைவுகளில் வாந்தி வருமா? கையில் என்ன மருந்து வைத்துக்கொள்வது?
- ஒரு வாசகி, சென்னை

குழந்தைநல மருத்துவரின் பதில்:

நீங்கள் எழுதிய எதுவும் தனித்தனியாகப் பார்த்தால் ஆபத்தில்லை. 13 மாதக் குழந்தைக்கு மொட்டை போடலாம், காது குத்தலாம், கொடைக்கானலுக்கும் கூட்டிப்போகலாம். சிக்கல் அவற்றை அடுக்கியிருக்கும் விதத்தில்தான். இரவு முழுக்க ரயிலில் அரைத்தூக்கம் தூங்கியவனுக்குக் காலையில் தலையில் பிளேடு, அடுத்து காதில் ஊசி, மதியம் இரண்டரை மூன்று மணி நேர மலைப்பாதை, சாயங்காலம் 12 டிகிரி குறைந்த ஊர். இந்த வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை. அன்றைக்கு அதில் பாதி கிடைத்தாலே அதிகம். கொடைக்கானலில் ஓர் இரவைக் குறைத்து, அந்த இரவைப் பழனியில் தங்கிவிடுங்கள். விடுப்பு அதே நான்கு நாள்தான்.

முதலில் நடை. இதற்குத்தான் நீங்கள் அதிகம் கவலைப்படுகிறீர்கள் என்று கடிதத்திலேயே தெரிகிறது. இந்தியக் குழந்தைகளையும் சேர்த்து உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், பிடிமானம் இல்லாமல் நடக்கத் தொடங்கும் வயது ஏறத்தாழ 8 மாதத்திலிருந்து 17 மாதம் தாண்டும் வரை பரவிக் கிடந்தது. 11 மாதத்தில் நடந்த நாத்தனார் மகளும், 13இல் சுவரைப் பிடித்து நடக்கும் உங்கள் மகனும் ஒரே வரம்புக்குள்தான் இருக்கிறார்கள். அவன் தானாகப் பிடித்து எழுந்து நிற்கிறானா, சோபாவைப் பிடித்துப் பக்கவாட்டில் நகர்கிறானா, நின்ற நிலையிலிருந்து பொத்தென்று விழாமல் முட்டியை மடக்கி உட்காரப் பார்க்கிறானா என்று கவனியுங்கள். இவை வந்துவிட்டால் நடை வரிசையில் நிற்கிறது. 18 மாதம் முடிந்தும் தனியாக நடக்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு பக்கக் கையையோ காலையோ மட்டும் இழுத்துத் தவழ்வது, ஒரு கால் குட்டையாகத் தெரிவது, எப்போதும் நுனிக்காலிலேயே நிற்பது, செய்துகொண்டிருந்ததை மறந்துவிடுவது ஆகியவற்றுக்கு 18 மாதம் வரை காத்திருக்கக் கூடாது.

வாக்கர் வேண்டாம். அதில் குழந்தை நடப்பதில்லை, தொங்கிக்கொண்டு நுனிக்காலால் தரையை உந்துகிறது. தன் பாதம் எங்கே படுகிறது என்று அதன் கண்ணுக்கே தெரியாது. சமநிலை பழகுவதற்கு வேண்டிய இடுப்புத் தசைக்கு அங்கே வேலை இல்லை. அதோடு, படிக்கட்டுக்கும் அடுப்பு மேடைக்கும் இரண்டு நொடியில் போய்ச் சேர்ந்துவிடும். கனடாவில் 2004இலிருந்து அதை விற்கவே தடை. மாமியாரிடம் வாக்கருக்குப் பதிலாக நடைவண்டி கேளுங்கள், அந்தக் காலத்து மூன்று சக்கர மரவண்டிதான். குழந்தை தன் காலில் நின்று, தன் எடையைத் தானே தாங்கி, முன்னால் தள்ளிக்கொண்டு போகிறது. வண்டி விர்ரென்று முன்னால் ஓடி அவன் குப்புற விழுவதுதான் இதில் நேரும் கோளாறு. ஓர் அரிசிப் பையை அதன்மேல் கட்டிவிட்டால் வேகம் மட்டுப்படும். வீட்டுக்குள் வெறுங்காலோடு விடுங்கள். வழவழ டைல்ஸ் தரையில் சாக்ஸ் போட்டு விட்டால், நடக்கப் போகிறவன்கூட வழுக்கி விழுந்து பயந்து இரண்டு வாரம் தள்ளிப்போடுவான்.

இனி பழனி. ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தனி படுக்கை கேட்காவிட்டால் ரயிலில் டிக்கெட் இல்லை. ஆகவே உங்கள் கீழ்ப்படுக்கையிலேயே அவனும். சுவர்ப் பக்கம் அவன், நடைபாதைப் பக்கம் நீங்கள். பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கை வந்தால் யாரிடமாவது கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். அதில் அகலமும் குறைவு, போகிறவர் வருகிறவர் பையும் இடிக்கும்.

காலையில் இறங்கியதும் மொட்டைக்கு ஓடாதீர்கள். அறையில் ஒரு மணி நேரம் தவழ விட்டு, இட்லி கொடுத்து, முக்கால் மணி நேரம் கழித்துப் போங்கள். வயிறு முட்டப் பால் குடித்த கையோடு மடியில் அழுத்திப் பிடித்தால் அழுகையில் அத்தனையும் வெளியே வரும். பசியோடு கொண்டுபோனாலோ தலையை ஒரு கணம்கூட அசையாமல் வைக்க மாட்டான். முடிக்கொட்டகையில் மொட்டைக்குக் கட்டணம் இல்லை, 2021இலிருந்து தமிழகக் கோயில்களில் அது நீக்கப்பட்டுவிட்டது. பிளேடு மட்டும் உங்கள் கண்ணெதிரே உறை பிரித்துப் புதிதாக மாட்டப்பட வேண்டும். சந்தேகம் இருந்தால் கையோடு ஒரு பாக்கெட் கொண்டுபோங்கள். ஒரே பிளேடில் இரண்டு தலை என்றால் மஞ்சள் காமாலை பி வகைக் கிருமி போன்றவை ரத்தத்தோடு ரத்தமாகத் தாவும்.

உச்சிக்குழி இன்னும் மூடவில்லையே என்று வீட்டில் யாராவது பயப்படுவார்கள். அது ஒன்றரை வயதை ஒட்டித்தான் பல குழந்தைகளுக்கு மூடும். அதன் மேலே இருக்கும் சவ்வு உறுதியானது, மழிப்பதால் ஒன்றும் ஆகாது. பிளேடு வெட்டுவது தலை திடீரென்று திரும்பும்போதுதான், பெரும்பாலும் காதுக்குப் பின்புறமும் பிடரியும். தாய்மாமன் மடியில் உட்காரவைப்பது வழக்கம் என்றால் மாமாவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: குழந்தையின் முதுகு அவர் நெஞ்சில் சாய வேண்டும், ஒரு கை குழந்தையின் இரண்டு கைகளையும் குறுக்காக அணைக்க வேண்டும், மறு உள்ளங்கை நெற்றியைத் தாங்க வேண்டும். தாடையைப் பிடிக்கக் கூடாது, அழும் குழந்தைக்கு மூச்சு முட்டும். முடியை வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு நிமிடம் ஊறவைத்துவிட்டு எடுத்தால் இழுக்காது. சிறு கீறல் பட்டால் சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இடையில் எடுத்து எடுத்துப் பார்த்தால் நிற்காது.

சந்தனம் பூசலாம். கடையில் விற்கும் பொடிகளில் வாசனையும் நிறமும் கலந்திருப்பது உண்டு. இரண்டு நாள் முன்பு அவன் முன்கையில் ஒரு பொட்டு வைத்துச் சிவக்கிறதா என்று பாருங்கள். ஒரு கட்டையை இழைத்துக் கொண்டுபோய்விட்டால் இந்தத் தொல்லையே இல்லை. மலை ஏறும் முன் ஈரத் துணியால் துடைத்தெடுத்து, தலையை உலர்த்திவிட வேண்டும். ஈரச் சந்தனம் காயும்போது தலையின் சூட்டை இழுத்துக்கொண்டுதான் காயும். பழனி வெயிலில் அது சுகம். மலையில் அப்படியே நடுக்கம். இந்த வயதில் உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரியது, முடியும் போய்விட்டது.

காதுகுத்தை இந்தப் பயணத்தில் சேர்க்கவே வேண்டாம் என்பது என் கருத்து. காரணம் மத நம்பிக்கை சார்ந்தது இல்லை, தொப்பி சார்ந்தது. புதிதாகக் குத்திய காதில் மெல்லிய தங்கக் கம்பி இருக்கும். கொடைக்கானலில் அவன் தலையில் கம்பளித் தொப்பி இருக்கும். ஒரு நாளைக்குப் பத்து முறை தொப்பியைக் கழற்றி மாட்டுவீர்கள், அதன் இழை ஒவ்வொரு முறையும் கம்பியில் மாட்டி இழுக்கும். தலைவழியாகப் போடும் ஸ்வெட்டரும் அதே வேலையைச் செய்யும். புண் ஆறாமல் போவது, சீழ் வைப்பது, சோனை (காதின் கீழ்ச்சதை) கிழிவது எல்லாம் இப்படித்தான் தொடங்கும். வீட்டில் கேட்கமாட்டார்கள் என்றால் வரிசையையாவது மாற்றாதீர்கள்: மொட்டை, தலைக்குளியல், உடம்பைத் துடைத்துப் புது உடுப்பு, கடைசியாகக் காதுகுத்து. முதலில் குத்திவிட்டால் மழித்த முடித்துகளும் குளித்த அழுக்குத் தண்ணீரும் நேரே புண்ணுக்குள் இறங்கும். ஆறு, பத்து, பதினான்காம் வாரத் தடுப்பூசிகள் மூன்றும் போட்டாயிற்றா என்று அட்டையைப் பாருங்கள், ரணஜன்னிப் (டெட்டனஸ்) பாதுகாப்பு அதில்தான் இருக்கிறது. குத்துவது சோனையில் மட்டும், உறை பிரித்த புது ஊசியால். தங்கம் இல்லையென்றால் நிக்கல் கலந்த மலிவுத் தோட்டைப் போட்டுவிடாதீர்கள், அரிப்பு வரும். பிறகு கொதித்து ஆறிய கால் லிட்டர் தண்ணீரில் கால் டீஸ்பூன் உப்பு போட்டு, காலை மாலை பஞ்சால் துடைத்தால் போதும். மஞ்சளும் எண்ணெயும் வைத்துக் குழைக்க வேண்டாம், கம்பியைத் திருப்பிக்கொண்டே இருக்கவும் வேண்டாம். ஆற ஆறு வாரம் ஆகும். மலைக்கு முன்பக்கம் பட்டன் வைத்த ஸ்வெட்டர்தான் எடுத்துப்போக வேண்டும்.

பஞ்சாமிர்தம்? ஒரு வயது தாண்டிவிட்டதால் அதிலுள்ள தேன் இப்போது பிரச்சினை இல்லை. கவனிக்க வேண்டியது கல்கண்டும் பேரீச்சைத் துண்டும். அவற்றை ஒதுக்கிவிட்டு விரல் நுனியில் நக்கக் கொடுங்கள்.

மறுநாள் காலை மலை. முதல் பகல் தூக்கம் வழக்கமாகப் பத்து மணிக்கு என்றால், ஒன்பதரைக்குக் கார் கிளம்பட்டும். முதல் அரை மணி சமவெளியில் விழித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பான், வளைவுகள் தொடங்கும்போது தூங்கிவிடுவான். இரண்டு வயதுக்குள் பயண வாந்தி அரிது. இந்த வயதில் வளைவில் வருவது பெரும்பாலும் வயிறு நிறைந்திருப்பதால் வருவதுதான். ஏறுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும், வழியில் தாய்ப்பாலோ தண்ணீரோ கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு பாட்டில் முழுக்கப் பால் வேண்டாம். பெரியவர்கள் போட்டுக்கொள்ளும் பயண மாத்திரையில் பாதி, கால் என்று பொடித்துக் கொடுக்கும் பழக்கம் ஒன்று உண்டு. அதில் இருக்கும் புரோமெதசின் இரண்டு வயதுக்குக் கீழ் மூச்சையே அடக்கிவிடக்கூடியது, தொடவே கூடாது.

வாடகைக் காரில் பின்னிருக்கைப் பெல்ட்டின் கொக்கி பல நேரம் இருக்கை உறைக்கு அடியில் புதைந்திருக்கும். முந்தின நாளே ஓட்டுநரிடம் சொல்லி வெளியே எடுக்க வைத்தால்தான் குழந்தை இருக்கையைக் கட்ட முடியும். இருக்கை பின்பக்கம் பார்த்தபடி, பின் சீட்டில். மடியில் உட்காரவைத்து, அதுவும் முன் சீட்டில், காற்றுப்பைக்கு எதிரே வைத்துப் போவது எல்லாவற்றிலும் மோசம். உங்களையும் அவனையும் சேர்த்து ஒரே பெல்ட்டைப் போட்டால் திடீர் பிரேக்கில் உங்கள் எடை முழுவதும் அவன்மேல்தான் விழும். கொடைக்கானலுக்கு வண்டியில் போக 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். சோதனைச் சாவடியில் அரை மணி நின்று பதிவு செய்தால் நீங்கள் கணக்குப் போட்ட தூக்கம் அங்கேயே கலையும், வீட்டிலேயே எடுத்துவிடுங்கள்.

பழனி கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர், கொடைக்கானல் சுமார் 2,100. ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு டிகிரி குறையும் என்று வைத்தால், கீழே 33 என்றால் மேலே 21, ராத்திரி இன்னும் கீழே. உயர நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான், அந்தப் பயம் வேண்டாம். காது அடைப்புதான் வரும், அதுவும் ஏறும்போதைவிட இறங்கும்போது. சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தால் வலியே எடுக்கும். இறங்கத் தொடங்கும் முன் மூக்கில் உப்புநீர்ச் சொட்டு இரண்டிரண்டு விட்டு, வளைவுகளில் பால் உறிஞ்சவோ தண்ணீர் விழுங்கவோ வைத்துக்கொண்டே வாருங்கள். விழுங்கும்போது தொண்டை வழியாகக் காதுக்குள் காற்று போய் அழுத்தம் சமமாகும். அப்போது மட்டும் தூங்கவிடாமல் இருப்பது நல்லது.

உடுப்புக்கு ஒரு சின்னக் கணக்கு: நீங்கள் போட்டிருப்பதைவிட ஓர் அடுக்கு அதிகம். தலையில் முதலில் மெல்லிய பருத்தித் தொப்பி, அதன்மேல் கம்பளி. மழித்த தோலில் கம்பளி நேரே பட்டால் அரித்துச் சொறிந்துகொள்வான். உள்ளங்கை சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், இந்த வயதில் கை கால் எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். பிடரியில் கை வையுங்கள். அங்கே வியர்த்தால் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். மதியம் மலை வெயில் சுள்ளென்று தாக்கும், புது மொட்டை ஒரு மணி நேரத்திலேயே சிவந்துவிடும், பருத்தித் தொப்பி பகலிலும் இருக்கட்டும். விடுதியில் அடுப்புக்கரிக் கணப்பு கேட்டால் கொண்டுவந்து தருவார்கள். மூடிய அறைக்குள் வைக்கவே கூடாது, கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும். இன்னொரு போர்வை கேளுங்கள்.

அறைக்குள் நுழைந்ததும், பெட்டியைத் திறக்கும் முன், நீங்களே ஒருமுறை தரையில் தவழ்ந்து பாருங்கள். பிடித்து எழுந்து நிற்கும் வயது என்பதால் அவன் கை இப்போது தலைக்கும் மேலே எட்டும். தொங்கும் கெட்டில் வயர், மேசை விரிப்பின் ஓரம், பால்கனிக் கம்பிகளின் இடைவெளி, குளியலறையில் நிரம்பிய வாளி. விரிப்பை மடித்து அலமாரிக்குள் வையுங்கள், வாளியைக் கவிழ்த்துவையுங்கள். ஒரு சாண் தண்ணீர் போதும், தலை கனம் என்பதால் குப்புற விழுந்தவனால் எழ முடியாது.

சாப்பாட்டில் இடம் சார்ந்த இரண்டு விஷயங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, ஆகவே கொதி வந்தபின் மூன்று நிமிடம் விட்டு இறக்குங்கள். பருப்பும் சாதமும் வழக்கம்போல் குழையாது, இன்னும் நன்றாக மசிக்க வேண்டும். மலையில் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை என்பதால் எவர்சில்வர் பாட்டில் எடுத்துப்போங்கள். ஏரிக்கரையில் வேர்க்கடலை, சோளம், பச்சைக் காரட், பருப்பு வைத்த சாக்லேட் என்று அத்தனையும் கண்ணில் படும். இந்த நான்கும் மூச்சுக்குழாயில் சிக்கும் பட்டியலில் முதல் வரிசை. காரட்டை வேகவைத்து மசித்துக் கொடுங்கள். சிக்கிவிட்டால், இருமிக்கொண்டிருக்கும் வரை தொடாதீர்கள். சத்தமே வராமல் முகம் நீலமானால், முன்னால் சாய்த்துத் தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையால் ஐந்து தட்டு, வெளியே வராவிட்டால் தொப்புளுக்கு மேலே உள்நோக்கி மேலாக ஐந்து அழுத்தம், மறுபடி தட்டு. கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவக் கூடாது, இன்னும் உள்ளே போகும். இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும்.

மருந்துப் பை சிறியதாக இருக்கட்டும். பாரசிட்டமால், ஓஆர்எஸ், மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு, வெப்பமானி, ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்சு. இதில் தப்பு நடப்பது பாரசிட்டமாலில்தான். நம் கடைகளில் அது மூன்று அடர்த்திகளில் கிடைக்கிறது. 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு அதிகபட்சம் 150 மில்லிகிராம். ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்து என்றால் ஒன்றரை மில்லி. 5 மில்லியில் 250 உள்ள சிரப் என்றால் 3 மில்லி. 5 மில்லியில் 125 உள்ளது என்றால் 6 மில்லி. வீட்டில் 125 சிரப்பில் 6 மில்லி கொடுத்துப் பழகியவர்கள், மலையில் தீர்ந்துபோய் வேறு பாட்டில் வாங்கி, அதே 6 மில்லியைச் சொட்டு மருந்தில் கொடுத்தால் நான்கு மடங்கு போய்ச் சேரும். வீட்டுப் பாட்டிலையே எடுத்துப்போங்கள், அதன்மேல் அளவைப் பேனாவால் எழுதி ஒட்டுங்கள். ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் இல்லை. சளி இருமல் சிரப் எதுவும் பையில் வேண்டாம், இந்த வயதுக்கு அதில் நன்மை இல்லை, தீங்கு உண்டு.

வயிற்றுப்போக்கு கண்டால், ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் பாக்கெட் முழுவதையும் ஒரு முழு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். கொஞ்சம் தேவைப்படுகிறது என்று அரை டம்ளரில் கால் பாக்கெட்டைக் கொட்டினால் உப்பு ஏறி நிலைமை மோசமாகும். ஒவ்வொரு முறை போனதும் 50 முதல் 100 மில்லி, கரண்டியால். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி, இன்னும் மெதுவாக. ஆறேழு மணி நேரம் சிறுநீர் போகவில்லை, எழுப்பினாலும் துவண்டு கிடக்கிறான், தூங்கும்போது எண்ணினால் மூச்சு நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல், விலா உள்வாங்குகிறது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மலை இறங்கும் வரை காத்திருக்காமல் அங்கேயே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஊர் சுற்றுவதற்குப் பெரிய பட்டியல் வேண்டாம், பிரையன்ட் பூங்காவின் புல்வெளி ஒன்றே அவனுக்கு ஒரு காலைக்குப் போதும். புல்லில் விழுந்தால் வலிக்காது, முதல் அடி அங்கேயே வந்தாலும் வரலாம். கோக்கர்ஸ் வாக் காலையில் வெயில் வந்தபின் போகலாம். சாயங்காலக் காற்றுக்கு மொட்டைத் தலையோடு வேண்டாம்.

திரும்பி வந்தபின் ஒரு வாரம் ராத்திரி எழுந்து அழுவான், பிடித்து நடந்தவன் மறுபடி தவழ்வான். தூக்க நேரத்தைப் பழையபடி பிடித்துக்கொண்டால் சரியாகிவிடும். ஒரு காலை மட்டும் ஊன்ற மறுத்தால் அது பயணக் களைப்பு இல்லை, அன்றே காட்டுங்கள். 16 மாதத்தில் முத்தடுப்பூசி ஊக்கத் தவணையும் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணையும் தொடங்குகின்றன. அப்போது நடையையும் பார்த்துவிடச் சொல்லுங்கள், ஆள்காட்டி விரலால் எதையாவது சுட்டிக் காட்டுகிறானா, பெயர் சொன்னால் திரும்புகிறானா என்பதையும் சேர்த்து.